முடியாமல் போன கணக்குகள்

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'சராசரி'. அது அவருக்கும் தெரியும். கோபமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் பலகையில் 'சராசரி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இந்த ஆளை மட்டும் வீட்டுக்குள்ள விடாதீங்க, அபூர்வமா நடக்கிறதை எல்லாம் மறைச்சுடுவான், மோசம் போயிடுவீங்க" என்று சொல்வது அவர் வழக்கம். ஒழுங்கில்லாத பொருள்களுக்குள் குவாண்டம் துகள்கள் என்ன செய்கின்றன என்பதுதான் அவருக்கு ஆராய்ச்சி, பாடம், சோறு, தூக்கம் எல்லாம். சுத்தமான படிகம் என்றால் அணுக்கள் வரிசை கலையாமல் சொன்னபடி நிற்கும். அதைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவருக்கு வேண்டியது கன்னாபின்னாவென்று கிடக்கும் அழுக்குப் பொருள்.

அன்று வகுப்பில் 'உறைதல்' நடத்திக்கொண்டிருந்தார். விஷயம் ஒன்றும் பயப்படும்படி இல்லை. துகள்களை ஒரு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றின் காலடியிலும் சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல மேடும் பள்ளமும் கொடுக்க வேண்டும். மேடுபள்ளம் குறைவாக இருந்தால் துகள்கள் கலந்து புரண்டு, எங்கே தொடங்கினோம் என்பதையே மறந்துவிடும். அதை உருகுவது என்பார்கள். மேடுபள்ளம் அதிகமானால் நின்ற இடத்திலேயே உறைந்துபோகும். எத்தனை காலம் ஆனாலும் தொடங்கிய இடம் மறக்காது. இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே என்று துல்லியமாகக் கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவி ஒருத்தியும். துறையில் அதற்குப் பெயரே 'கோடு' என்று ஆகிவிட்டது. வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் இவரைக் கண்டால், "கோட்டுக்காரர் வந்துட்டார்" என்று கை குலுக்க வருவார்கள். இவரும் ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு கையை நீட்டுவார்.

பாடம் முடிந்ததும், எல்லோரையும் மடிக்கணினியில் ஒரு குட்டி வரிசையைப் போட்டு, குலுக்கலை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னார்; ஒவ்வொரு குலுக்கலும் ஒரு மாதிரி, ஒவ்வோர் ஓட்டமும் ஒரு 'ரன்'. உதவிக்கு வந்திருந்த மூத்த ஆய்வு மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்த பெண் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பேராசிரியர் வைத்த பெயர் 'புதுசு'. எல்லோருக்கும் பெயர் வைப்பது அவர்தான். ஞானஸ்நானம் செய்து வைக்காத குறை.

"சார், எனக்குச் சில ரன் முடியவே மாட்டேங்குது. ஓடிக்கிட்டே இருக்கு. அதை எல்லாம் என்ன பண்றது?"

"பக்கத்துல உக்காந்து தாலாட்டுப் பாடு" என்றார். வகுப்பு சிரித்தது. "விட்டுடும்மா. முடிஞ்சதை வெச்சுப் படம் போடு."

புதுசு உட்காரவில்லை. புதுசு அல்லவா, எப்போது உட்கார வேண்டும் என்று இன்னும் தெரிந்திருக்கவில்லை. "முடியாததும் முடிஞ்சது மாதிரியே இருக்கும்னு எப்படி சார் தெரியும்?"

அடுத்த கேலி பேராசிரியரின் நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அப்படியே நின்றுவிட்டது. பின்வரிசையில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று யோசிக்கத் தொடங்கிய பேராசிரியர், பலகையில் தான் எழுதியதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வகுப்புல பாப்போம்" என்று சொல்லி, மணி அடிக்கும் முன்பே சாக்பீஸைக் கீழே வைத்தார்.

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்துகிற ஆள் இல்லை. மேசைமேல் படிக்காத ஆய்வுத்தாள்கள், காய்ந்துபோன பேனாக்கள், பலகையில் போன மாதம் எழுதிய சமன்பாடு ஒன்று பாதி அழிந்த நிலையில். நாற்காலியில் உட்கார்ந்து அந்த வார்த்தையை மறுபடி சொல்லிப் பார்த்தார். விட்டுடு. எங்கேயோ சொன்ன வார்த்தை, இதே குரலில், இதே அலட்சியத்தோடு.

எங்கே என்று ஞாபகம் வர அதிக நேரம் பிடிக்கவில்லை. லிஃப்ட் வாசல். சில வருடங்களுக்கு முன்னால், 'கோடு' கணக்கு ஓடிக்கொண்டிருந்த சமயம். இவர் ஏதோ கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். திறந்த மடிக்கணினியைத் தட்டுப் போல ஏந்திக்கொண்டு பம்பரம் பின்னாலேயே வருகிறாள். பம்பரம் என்பது அந்த ஆய்வு மாணவி. ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருப்பாள் என்று இவர் வைத்த பெயர். "சார், சில மாதிரி எல்லாம் நேரத்துக்குள்ள முடியலை, என்ன பண்ணட்டும்?" லிஃப்ட் கதவு மூடுகிறது. மூடுகிற இடுக்கு வழியாக இவர் சொல்கிறார்: "விட்டுடு."

அவ்வளவுதான். மனுஷர் அதோடு மறந்துவிட்டார். சொன்னவருக்கு அது ஒரு வார்த்தை, கேட்டவளுக்கு உத்தரவு.

அந்தக் கணக்கின் பழைய கணினி நிரலைத் திறந்தார். அவர் நிரல் திறந்து யுகமாகிறது. எழுதுவது, ஓட்டுவது எல்லாம் மாணவர்கள் பாடு. தேடித் தேடி அந்த வரிக்கு வந்தார். குறித்த நேரத்துக்குள் முடியாத மாதிரியைத் தூக்கி எறி, எண்ணிக்கையிலும் சேர்க்காதே. பக்கத்தில் பம்பரம் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: 'சார் சொன்னபடி'.

அடப்பாவி மனுஷா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். எது சீக்கிரம் முடியும்? உறைந்துபோவது. அங்கே நடப்பதற்கு ஒன்றுமில்லை, கணக்கு சட்டென்று அடங்கிவிடும். எது முடியாமல் இழுக்கும்? எங்கேயோ சீட்டுக் குலுக்கலில் தற்செயலாக மேடுபள்ளம் இல்லாத ஒரு சின்னத் திட்டு விழுந்திருக்கும். அந்தத் திட்டு மெதுவாகப் பக்கத்துத் துகளை உருக்கும், அது அடுத்ததை உருக்கும், அப்படியே வரிசை முழுதும் கரைந்துகொண்டிருக்கும். அபூர்வமானது, ஆனால் பெரிய பொருளில் ஒரு திட்டு போதும். அதைத்தான் கூட்டித் தள்ளிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். உறைந்ததை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு, 'பாருங்கள், எல்லாம் உறைந்துபோகிறது' என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சராசரியை வீட்டுக்குள் விடாதே என்று உபதேசம் செய்த மனுஷர், அவனைக் கொல்லைப்புறக் கதவு வழியாகக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்.

அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. முடியாதவையும் கடைசியில் உறைந்திருக்கலாம். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டிப் பார்க்க நினைத்தபோதுதான் அவருக்கு நிஜமான பயம் வந்தது.

ஏனென்றால் அடுத்த வியாழக்கிழமை பம்பரத்துக்கு வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு முழுவதும் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றது. தேர்வு முடிந்த கையோடு அவள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலைக்குச் சேர வேண்டும். பட்டம் கையில் இருந்தால்தான் சேர்க்கை என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. அவள் கணவன் தன் வேலையை விட்டாயிற்று. கைக்குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வாங்கியதைக்கூட அவள் போன வாரம் போனில் காட்டியிருந்தாள். கோடு தப்பு என்றால் ஆய்வேடு போச்சு, வேலை போச்சு. அதோடு இவர் பெயரும் போச்சு, கோட்டை நம்பி உலகம் பூராவும் எழுதிவைத்தவர்களின் வேலையும் சந்தி சிரித்துவிடும். 

யாருக்கும் தெரியாமல் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். தூக்கி எறிந்த மாதிரிகளை மறுபடி உயிர்ப்பித்து, நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, துறையின் பெரிய கணினியில் ஓட விட்டார். கட்டளை எல்லாம் மறந்துபோய், பத்துத் தடவை தப்புத் தப்பாகத் தட்டி, கடைசியில் ஓடிவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை என்று அவருக்குத் திருப்தி.

அந்த வாரம் அவர் பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது. காலையில் எழுந்ததும் பல் விளக்கும் முன்பே போனில் பார்ப்பார். ஓடிக்கொண்டிருக்கிறது. வகுப்பு நடுவில் பார்ப்பார். ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும், ஓடட்டும், முடியவே வேண்டாம் என்று ஒரு மனம். முடிந்து தொலைத்தால் தேவலை என்று இன்னொரு மனம். சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் ஒருவர் "சார்" என்று கூப்பிட்டபோது தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் கேட்டது அஞ்சலகத்துக்கு வழி.

முதல் மாதிரி முடிந்தது. உருகியிருந்தது. ஒன்றுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்ததும் உருகியிருந்தது. அதற்கடுத்து ஒன்று உறைந்திருந்தது. பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி துள்ளி எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தார். பிறகு வந்தவை எல்லாம் உருகிக்கொண்டே வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. எல்லை அவர்கள் சொன்ன இடத்தில் இல்லை. எங்கேயோ தள்ளி இருக்கிறது. எங்கே என்றும் இந்தக் கணக்கால் சொல்ல முடியாது.

திரையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நாமாகச் சொன்னால் ஒழிய யாருக்குத் தெரியப்போகிறது? வியாழக்கிழமை கழியட்டும். அவள் பட்டம் வாங்கட்டும், விமானம் ஏறட்டும். அப்புறம் மெதுவாக, 'புதிய கணக்குகளின்படி' என்று ஒரு கட்டுரை எழுதிக்கொள்ளலாம். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. நல்ல யோசனை என்றால் ஏன் உள்ளங்கை இப்படி வியர்க்கிறது என்பதுதான் தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பம்பரம்.

தேர்வுக்கான படங்களைக் காட்ட வந்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். கோடு வந்தது. சிவப்பு நிறத்தில், தடிமனாக, அழகாக வரைந்திருந்தாள். அங்கே நிறுத்தினாள்.

"சார், இது எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அவள் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. இவருக்கு அதைக் கவனிக்கும் நிலை இல்லை.  சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கத்தினான்.

"சரியா இருக்கு" என்றார். அதோடு விடாமல், "உனக்குச் சந்தேகம் வந்தா வெளித் தேர்வாளருக்கு ரெண்டு சந்தேகம் வரும். மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டுப் போய் நிக்காத" என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டார்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பாவம், குழந்தை இரவெல்லாம் தூங்க விட்டிருக்காது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ரொட்டியைக் கடித்தபோது கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை உடைந்து நாக்கில் விழுந்தது. பேராசிரியரின் மனைவி பல் டாக்டர். அப்படியே கையைப் பிடித்து, வீட்டுக்குக் கீழேயே இருக்கும் தன் கிளினிக்கில் சாய்வு நாற்காலியில் கிடத்தி, மேல் விளக்கைப் போட்டாள்.

"வாயைத் திறங்க. வகுப்புல மட்டும் நல்லாத் திறக்குதே." உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது ரொட்டி உடைச்ச பல்லு இல்ல. நீங்க கடிச்சுக் கடிச்சு உடைச்சது. ஒரு வாரமாத் தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்க. என்ன விஷயம்?"

வாய்க்குள் கண்ணாடியும் பஞ்சும் இருந்ததால் அவர் "ஒன்றுமில்லை" என்பதை ஒரு முனகலாகச் சொன்னார். அவள் துளைக்கும் கருவியை எடுத்தாள்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"பொய். கால் விரல் எல்லாம் மடங்கிக் கிடக்கு. வாய் என்ன வேணாச் சொல்லும், நான் கால் விரலைத்தான் பாப்பேன். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் நான் திட்டுவேன்னு பயந்துக்கிட்டு வலிக்கல வலிக்கலங்கிறாங்க. அதை நம்பி நான் பாட்டுக்குத் துளைச்சுக்கிட்டே போனா என்ன ஆகும்?"

பல்லை அடைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். இனிமேல் எழுந்து போக முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினார். லிஃப்ட் வாசலில் சொன்னது, ஓட்டிப் பார்த்தது, பம்பரத்திடம் பூசி மெழுகியது, எல்லாம். சொல்லும்போது குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் சொல்லி, கல்யாணம் ஆன நாள் முதல் அவள் கேட்டதில்லை.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது?"

"வாயால. அதான் பல்லை அடைச்சு விட்டிருக்கேன்ல." அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளும் குரலைத் தாழ்த்தினாள். "வியாழக்கிழமை அங்க யாராவது கண்டுபிடிச்சுக் கேட்டா, நிக்கப்போறது அவதான், நீங்க இல்ல. அவ தனியா நிப்பா."

அது சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளாகத் தன் பயத்தையே பொத்திப் பொத்தி வளர்த்துக்கொண்டிருந்தவருக்கு, பம்பரம் மேடையில் தனியாக நிற்கும் காட்சி இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

திங்கள்கிழமை காலை பம்பரத்தை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தார். ஆனாலும் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். அந்த வரியைப் பற்றி, திட்டுகளைப் பற்றி, உருகிய மாதிரிகளைப் பற்றி. "தப்பு என்னோடது. நீ கேட்டப்ப நான் யோசிக்காம விட்டுடுன்னு சொன்னேன். கோடு தப்பும்மா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அழுவாள், அல்லது கத்துவாள். இரண்டும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் சார்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முடியாத ரன் எல்லாத்தையும் போன வருஷமே ஓட்டிப் பாத்துட்டேன். நீங்க சொன்ன அதே முடிவுதான். பெரிய வரிசைக்கும் போட்டுப் பாத்தேன். எல்லை எங்க தள்ளிப் போகுதுங்கிறதுக்கும் கொஞ்சம் கணக்கு வெச்சிருக்கேன்."

பேராசிரியருக்குக் கோபம் வரப் பார்த்தது; கோபப்பட என்ன உரிமை இருக்கிறது என்று உடனே உறைத்தது. "ஏம்மா என்கிட்டச் சொல்லலை?"

"சொல்ல வந்தேன் சார். வாராந்திரக் கூட்டத்துல, முடியாத ரன்னை எல்லாம் ஒரு தடவை பாக்கலாமான்னு கேட்டேன். 'உனக்கு இங்கேருந்து போகவே மனசு வரலையா, இன்னும் நாலு வருஷம் குப்பை கொட்டணுமா'ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க." அவள் நிமிரவில்லை. "நானும் சிரிச்சேன்."

அவருக்கு அப்படி ஒன்று நடந்த ஞாபகமே இல்லை.

"அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னதும்மா."

"ஒட்டகத்துகிட்டயும் விளையாட்டுக்குத்தான் சார் சொன்னீங்க."

ஒட்டகம் என்பது நெடுநெடுவென்று இருந்த ஒரு பழைய மாணவன். கருத்தரங்கில் இவருடைய சமன்பாட்டில் கூட்டல், கழித்தல் குறி ஒன்று தப்பு என்று எழுந்து சொன்னான். "வாங்க வாத்தியாரே, நீங்களே வந்து நடத்துங்க, நான் உங்க இடத்துல உக்காந்துக்கறேன்" என்று இவர் சாக்பீஸை நீட்டினார். அரங்கம் குலுங்கியது. அடுத்த மாதமே அவன் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு அதில்தான் நாட்டம் என்று இவர் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குறி தப்புத்தான் சார்" என்றாள் பம்பரம். "இன்னும் அப்படியேதான் இருக்கு."

வெளியே வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். பேராசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்போ தப்புன்னு தெரிஞ்சேவா ஆய்வேட்டை எழுதின?"

"ஆமா சார். எழுதலைன்னா நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்களோன்னு பயம். எழுதினா யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயம். இந்த ஒரு வருஷமா நான் ஒழுங்காத் தூங்கலை. குழந்தையால இல்ல சார்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "கடைசியா எல்லாருமாச் சேந்துதான் புதுசைக் கேக்கச் சொன்னோம். அவளுக்கு இன்னும் உங்களைப் பாத்துப் பயம் வரலை."

"எல்லாருமான்னா?"

"லேப்ல எல்லாரும் சார்."

 அவளுக்குத் தொடங்கியதை நிறுத்த முடியவில்லை.

"நீங்க ரன் போட்டதையும் பாத்தோம். பெரிய கம்ப்யூட்டர்ல யார் என்ன ஓட்டுறாங்கன்னு வரிசையா எல்லாருக்கும் தெரியும் சார். நாங்க நாள் பூரா அந்தத் திரையைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம், நம்ம முறை எப்ப வரும்னு. திடீர்னு அதுல உங்க பேரு. உங்க பேரை அங்க யாருமே பாத்ததில்ல. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். சார் பாக்கறாரு, இனிமே கவலை இல்லைன்னு. ஒவ்வொண்ணா முடியறதைப் பாத்துக்கிட்டே இருந்தோம். வெள்ளிக்கிழமை முடிஞ்சதும்தான் நான் உங்க அறைக்கு வந்தேன்."

வந்து, சரியாத்தானே இருக்கு என்று கேட்டாள். அவர் சரியாக இருக்கிறது என்றார். அதை இருவரில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

"அன்னிக்குத்தான் சார் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு" என்றாள் அவள், மிக மெதுவாக.

பேராசிரியர் வாரம் முழுவதும் எதை எதையோ நினைத்துப் பயந்தாரே, இதை நினைக்கவில்லை. பெயர் போகும் என்று பயந்தார், கோடு போகும் என்று பயந்தார். தன் அறைக் கதவுக்கு வெளியே ஒரு பெண் ஒரு வருஷம் தட்டப் பயந்து நின்றிருப்பாள் என்று எந்த ஜென்மத்திலும் தோன்றியிருக்காது. தன்னைவிடக் கலகலப்பான ஆசிரியர் இந்தக் கட்டடத்திலேயே இல்லை என்றல்லவா எண்ணியிருந்தார்.

ஆக வேண்டியதைப் பேசினார்கள். தேர்வாளர்களுக்கும் வேலை கொடுத்தவர்களுக்கும் அவரே அன்றே எழுதுவதாகச் சொன்னார். தவறு யாருடையது என்பதை ஒளிக்காமல். ஆய்வேட்டின் கடைசிப் பகுதியை அவளுடைய புதிய கணக்கை வைத்து மாற்றி எழுதலாம், தேர்வு தள்ளிப்போகும். அந்த வேலை அதுவரை காத்திருக்குமா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றார். வேறு சமயமாக இருந்தால், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு போடு போட்டிருப்பார். அவள் தலையசைத்துவிட்டு எழுந்து போனாள். போகும்போது கதவைச் சாத்துவதா திறந்து வைப்பதா என்று தயங்கி, பாதி திறந்தபடி விட்டுப்போனாள்.

பிற்பகலில் அவர் ஆராய்ச்சி மாணவர்களின் அறைக்குப் போனார். அவர் அங்கே போவதே அபூர்வம். யாராவது வேண்டுமென்றால் கூப்பிட்டு அனுப்புவார். நீளமான அறை, இரண்டு பக்கமும் மேசைகள், கழுவாத கோப்பைகள், யாரோ ஒருவருடைய நாற்காலி முதுகில் மழைக்கோட்டு. வாசலில் அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். புதுசு மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் கடைசியாக எழுந்தாள். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"உக்காருங்க" என்றார். ஒருவரும் உட்காரவில்லை.

கோடு தப்பு என்றும், அதற்குக் காரணம் தான்தான் என்றும், பம்பரம் சொல்ல வந்தபோது தான் காது கொடுக்கவில்லை என்றும் சொன்னார். ஒட்டகத்தின் பெயரையும் சொன்னார். வேடிக்கையாக எதையும் சேர்க்கவில்லை. கை வைக்க ஓர் இடம் தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. தெரிந்த பாடத்தை மறுபடி கேட்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

"இது மட்டும்தானா?" என்று கேட்டார். "வேற ஏதாவது தப்பு உங்க கண்ணுல பட்டிருக்கா? என் பேர்ல வந்த எதுலயாவது? இப்பவே சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னல் பக்கம் நின்ற ஒருவன் ஏதோ சொல்ல வருவது போல வாயைத் திறந்தான். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள், ஏறக்குறைய ஒரே குரலில்.

பேராசிரியர் வாசலிலேயே நின்றார். அவர்கள் கால் விரல்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்க்கத் தைரியம் வரவில்லை.